பாத்துப் போ

பத்தடி நீளத்தில் ஒரு கோல். விலை ஒரு பொற்காசு. 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் முதல் பதிப்பில், வாள், கவசம், கயிறு, தீப்பந்தம் என்று நீளும் சாமான் பட்டியலில் இதுவும் ஒன்று. பாதாளச் சுரங்கத்துக்குள் போகிறவன் கையில் எதற்கு இவ்வளவு நீளமான கோல்? காலை வைப்பதற்கு முன்னால் தரையைத் தட்டிப் பார்க்கத்தான். அடுத்த கல் குழிக்குள் சரியலாம். சுவரிலிருந்து அம்பு பாயலாம். பத்தடி தள்ளி நின்று தட்டினால் போவது கோல்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். அவர்தான் உலகத்தைச் சொல்கிறவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்த உலகத்தில் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருளும். கணினி வேண்டாம், காய்கூட வேண்டாம். பேச்சுதான் ஆட்டம்.

நான் அரியலூர்க்காரன். பொறியியல் படித்துவிட்டு மென்பொருள் வேலையில் இருக்கிறேன். சனிக்கிழமை இரவுகளில் ஆன்லைனிலும், பொங்கல் விடுமுறைகளில் பெரம்பலூரில் மாமா வீட்டு மொட்டைமாடியிலும் சில வருடங்களாக இந்த ஆட்டத்தை நடத்துகிறேன். நடத்துகிற எல்லோருக்கும் ஒருநாள் வந்து சேரும் தலைவலி ஒன்று உண்டு. அது இப்படி இருக்கும்.

“எதிர்ல ஒரு கதவு இருக்கு.”

“தொடல. கோலால தட்டுறேன்.”

“ஒண்ணும் ஆகல.”

“கதவுக்கு மேல பாக்குறேன்.”

“ஒண்ணுமில்ல.”

“கீழ? கைப்பிடி? சாவித்துவாரம்? நெலப்படி?”

இந்தக் கதவைத் தாண்ட இருபது நிமிடம் ஆகும். அதற்கு அப்புறம் ஒரு நடைபாதை. அதில் முப்பது கற்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு தட்டு. ராட்சசப் பறவையின் மேல் ஏறிப் பறக்க வந்தவர்கள், பஞ்சாயத்து ரோடு போடுவதை மேற்பார்வை பார்க்கிற ஓவர்சியர் மாதிரி ஆகிவிடுவார்கள்.

“ஏன்டா இப்படிப் பயந்து சாகுறீங்க?” என்று டிஎம் எரிச்சல்படுவது வழக்கம். எனக்கென்னவோ இந்த எரிச்சலில் நியாயமில்லை என்று தோன்றுகிறது. ஏன் என்று யோசிக்கப் போய், ஆட்டத்துக்கு வெளியே வெகுதூரம் வந்துவிட்டேன்.

*

முதலில் கணக்கு. ஓர் அடி எடுத்து வைத்தால் உயிர் போகலாம். தட்டிப் பார்த்தால் செலவு ஒன்றுமில்லை, வாயால் சொன்னால் போதும். இந்த இரண்டில் புத்தியுள்ளவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? தட்டுவான். அடுத்த கல்லையும் தட்டுவான். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல முடியாது. அவனுக்குத் தரப்பட்ட விலைப்பட்டியலை ஒழுங்காகப் படித்திருக்கிறான், அவ்வளவுதான்.

ஆட்டத்தை உருவாக்கிய கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இதை முன்பே யோசித்திருந்தார்கள். முதல் பதிப்பிலேயே தேடுவதற்கு விலை வைத்தார்கள். பத்து நிமிடம் ஒரு ‘டர்ன்’. பத்தடிச் சுவரில் ரகசிய வழி தேட ஒரு டர்ன் போய்விடும். ஒவ்வொரு டர்ன் முடிவிலும் டிஎம் ஓர் ஆறுமுகப் பகடையை உருட்டுவார். 6 விழுந்தால், சுற்றித் திரியும் பூதம் ஏதோ ஒன்று எதிரில் வந்து நிற்கும். 1981இல் வந்த எளிய பதிப்பில் ஒரு தீப்பந்தம் ஆறு டர்ன் எரியும், அதாவது ஒரு மணி நேரம். அறுபதடிச் சுவரை அங்குலம் அங்குலமாகத் தேடினால் ஆறு டர்ன். முதல் பதிப்பின் கணக்குப்படி அதற்குள் ஒரு பூதமாவது வந்துவிடும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு. இப்போது நிதானத்துக்கும் விலை உண்டு, அவசரத்துக்கும் விலை உண்டு. எங்கே தட்டுவது, எங்கே துணிந்து நடப்பது என்பதை யோசித்தே ஆக வேண்டும்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு வேறு வழி பார்த்தது. ஆபத்தில்லாத வேலை என்றால், “இருபது தடவை முயன்றதாக வைத்துக்கொள்கிறேன்” என்று சொல்லி இருபதுமுகப் பகடையில் 20 விழுந்ததாக எடுத்துக்கொள்ளலாம். ஆட்டத்தின் உள்ளே சுமார் இரண்டு நிமிடம் கழியும், மேசையில் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். அலுப்பு தீர்ந்தது. ஆனால் நோய் அங்கேயே இருந்தது. தட்டுவதை வேகப்படுத்தினார்களே தவிர, ஏன் எல்லாவற்றையும் தட்டத் தோன்றுகிறது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

நான் விளையாடுகிறவனாக உட்கார்ந்திருந்த ஒரு கதையில் அந்தப் பதிலைப் பார்த்தேன். ஒரு சத்திரம். மாடியில் ஒரு அறை. என் பாத்திரம் கைப்பிடியைத் திருப்பியது. விஷ ஊசி. செத்துப்போயிற்று. அந்த அறையில் விஷம் இருக்கக்கூடும் என்று நினைக்க ஒரு காரணமும் சொல்லப்படவில்லை. கறை இல்லை, வதந்தி இல்லை, சத்திரக்காரரின் முகத்தில் ஒரு தயக்கம்கூட இல்லை. அன்றிலிருந்து அந்தக் குழுவில் யாரும் எந்தக் கைப்பிடியையும் சும்மா திருப்பவில்லை. அன்று இறந்தது ஒரு பாத்திரம். அதோடு சேர்ந்து, அந்த உலகத்தில் இருந்த எல்லாக் கதவுகளும் கதவாக இருப்பதை நிறுத்திக்கொண்டன.

அறிகுறி இல்லாத ஒரு பொறி, பொறி இல்லாத ஆயிரம் இடங்களையும் பொறியாக்கிவிடுகிறது.

*

இதை நம் பழைய பலகைகளில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க ஆடும் பரமபதத்தில் பாம்புகள் எங்கே இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தப்பிக்க நம் கையில் ஒன்றுமில்லை, தாயம் விழுகிறபடி போக வேண்டியதுதான். பார்வை உண்டு, தேர்வு இல்லை. அதனால்தான் அது விதியைப் பற்றிய ஆட்டமாக இருக்கிறது. ஆடுபுலி ஆட்டத்தில் புலியும் கண்முன் நிற்கிறது, எங்கே நகர்வது என்பதும் நம் கையில் இருக்கிறது. பார்வையும் உண்டு, தேர்வும் உண்டு. தோற்றால் யார்மீதும் கோபம் வராது.

அந்த விஷ ஊசியில் இருந்தது மூன்றாவது வகை. “என்ன செய்யுறீங்க?” என்று கேட்கிறார்கள். தேர்வு நம்முடையது போலத் தெரிகிறது. ஆனால் தேர்ந்தெடுக்கத் தேவையான ஒன்றையும் காட்டவில்லை. பரமபதத்தை ஆடுபுலி என்று சொல்லி ஆடவைப்பது இது. கோபம் வருவது தோற்றதனால் அல்ல, தோல்வியின் பொறுப்பை நம் தலையில் கட்டியதனால். “நீதானே கைப்பிடியைத் திருப்புன?”

இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே கொடூரமானது என்று பெயரெடுத்த சுரங்கம் ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’. கைகாக்ஸ் 1975இல் ஒரு போட்டிக்காக வடிவமைத்தார், 1978இல் அச்சில் வந்தது. அதில் சுவரில் ஒரு பெரிய பச்சைப் பிசாசு முகம் வாயைத் திறந்துகொண்டு இருக்கும். உள்ளே நுழைந்தவர் மிச்சமில்லாமல் அழிந்துபோவார். எத்தனையோ குழுக்கள் அங்கே மொத்தமாக மாண்டிருக்கின்றன. ஆனால் அந்தக் கல்லறையிலும் நுழைவாயில் தரைப் பாதையில் ஓர் எழுத்து பதிக்கப்பட்டிருக்கிறது. குழப்பமான விடுகதைதான். ஆனாலும் படிக்கிறவனுக்கு அங்கே ஏதோ இருக்கிறது. உங்களைக் கொல்லவே கட்டப்பட்ட இடம்கூட ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கொல்கிறது.

தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. பொறி என்றால் சிக்கவைக்கும் கண்ணி. பொறி என்றால் இயந்திரம். ஐம்பொறி என்னும்போது அதுவே கண், காது, மூக்கு, நாக்கு, உடல். என் பட்டத்தின் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. ஒருவன் பொறி வைக்கிறான் என்றால், அதில் கால் வைக்கப்போகிறவனின் பொறிகளுக்கு அவன் எவ்வளவு கடன்பட்டிருக்கிறான்? மொழியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்ட இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

*

என் மேசையில் ஆடும் நண்பன் ஒருவன் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். அவன் இதை ஒத்துக்கொள்ளவில்லை.

“உலகத்துல எல்லா ஆபத்துக்கும் போர்டு மாட்டியா வச்சிருக்கு? வரப்புல பாம்பு படுத்திருந்தா மணி அடிச்சிட்டா கடிக்குது? கொரோனா சொல்லிட்டா வந்துச்சு? அறிகுறி இல்லாம அடிக்கிறதுதான்டா நெஜம். நீ ஆட்டத்தைப் பொய்யாக்குற.”

இது வலுவான வாதம். ஒரு நாள் முழுக்க யோசித்துத்தான் இதில் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. பாம்பை அங்கே யாரும் வைக்கவில்லை. பாம்புக்கு நம்மிடம் கடமை எதுவும் இல்லை. அது அநியாயம் செய்தது என்று யாரும் சொல்வதுமில்லை. ஆனால் டிஎம் இயற்கை கிடையாது. அவர் ஓர் ஆள். அந்த ஊசியை அங்கே வைத்தது ஒரு கை. இடி விழுந்து ஒருவர் இறந்தால் அழுகிறோம். அதே ஆள், பன்றிக்கென்று யாரோ கள்ளத்தனமாக இழுத்துவிட்ட மின்வேலியில் இறந்தால் அழுவதோடு கேட்கவும் செய்கிறோம். “யாருய்யா போட்டது?” ஆபத்து என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான். இரண்டாவதில் கேள்வி கேட்க ஒரு முகவரி இருக்கிறது.

2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, பயன்படாமல் விட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தது. தீபாவளி அதற்கு நடுவில் வந்துபோனது. தமிழ்நாடே தொலைக்காட்சி முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தது. குழந்தையை உயிரோடு எடுக்க முடியவில்லை. கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை அடிவரை நிரப்பி மூட வேண்டும், தோண்டும் இடத்தில் வேலி போட வேண்டும், அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே நெறிமுறை வகுத்திருந்தது. அந்த நெறிமுறையைப் படித்தால் அது வேறொன்றும் சொல்லவில்லை. குழி உன்னுடையது. அதைத் தெரியவைப்பதும் உன் வேலை. நடக்கிறவனிடம் கோல் இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கவில்லை. இரண்டு வயதில் யார் கோல் ஊன்றி நடக்கிறார்கள்?

இதைப் போய் ஒரு விளையாட்டுக்குப் பக்கத்தில் வைப்பதா என்று கேட்கலாம். கூச்சத்தோடுதான் வைக்கிறேன். ஆனால் குழி வைப்பவருக்கும் நடப்பவருக்கும் இடையிலான கணக்கு இரண்டிலும் ஒன்றே என்று நினைக்கிறேன். ஆட்டத்தில் அதைச் செலவில்லாமல் கற்றுக்கொள்ள முடிகிறது.

*

என் தொழிலுக்கு வருகிறேன். டிக்கெட் பதிவு செய்யும்போது, நீங்கள் கேட்காமலே டிக் அடிக்கப்பட்டிருக்கும் காப்பீட்டுப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். சேர்வதற்கு ஒரு சொடுக்கு, விலகுவதற்கு ஏழு பக்கம். ‘வேண்டாம்’ என்ற பொத்தான் வெளிர் சாம்பலில், ‘சரி’ என்பது பளீரென்ற பச்சையில். இவற்றுக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர். 2023 நவம்பர் 30இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்து வழிகாட்டுதல் வெளியிட்டது.

ஒரு பொறியாளனாக இதில் என்னைச் சங்கடப்படுத்துவது ஒன்று உண்டு. நல்ல டிஎம் பொறி வைக்கும்போது, கவனிப்பவன் கண் எங்கே போகும் என்று யோசித்து அங்கே ஒரு குறிப்பை வைப்பார். டார்க் பேட்டர்ன் வரைகிறவரும் கண் எங்கே போகும் என்றுதான் யோசிக்கிறார், குறிப்பை அங்கே வைக்காமல் இருப்பதற்காக. திறமை ஒன்றுதான், கருவி ஒன்றுதான். எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதன் விளைவை ஊரில் பார்க்கலாம். செந்துறையில் இருக்கும் என் பெரியம்மா இப்போது தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுப்பதே இல்லை. ஓடிபி கேட்டு ஏமாற்றுகிறார்கள், போலீஸ் என்று சொல்லி மிரட்டுகிறார்கள் என்று செய்தி பார்த்துப் பார்த்து அந்த முடிவுக்கு வந்துவிட்டார். போன மழைக்காலத்தில் மருத்துவமனையிலிருந்து, ரத்தப் பரிசோதனை முடிவு சரியில்லை, உடனே வாருங்கள் என்று மூன்று தடவை அழைத்திருக்கிறார்கள். எடுக்கவில்லை. நான்காவது நாள் என் தங்கை நேரில் போய்த்தான் தெரிந்தது. பெரியப்பாவுக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை.

“அவன் நெசமான ஆளுன்னு எனக்கு எப்பிடிரா தெரியும்?” என்றார் பெரியம்மா.

அவரைக் குறைசொல்ல முடியாது. பத்தடிக் கோலோடுதான் அவர் போனை அணுகுகிறார். முகம் தெரியாத எவனோ வைத்த பொறியின் விலையை, அதில் சிக்காத அவரும் கட்டிக்கொண்டிருக்கிறார், ஒரு தப்பும் செய்யாத மருத்துவமனை ஊழியரும் கட்டிக்கொண்டிருக்கிறார். ஏமாற்றுகிறவர்கள் பணத்தோடு சேர்த்து இதையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இதற்கு எந்த வங்கியும் திருப்பித் தராது.

திருக்குறளில் 51ஆம் அதிகாரம் ‘தெரிந்துதெளிதல்’. ஆளை ஆராய்ந்து நம்புவது பற்றியது. அதன் கடைசிக் குறள், 510, இரண்டு தவறுகளை ஒரே தராசில் வைக்கிறது. ஆராயாமல் நம்புவது ஒன்று. ஆராய்ந்து நம்பிய பின்னும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பது மற்றொன்று. இரண்டுமே தீராத துன்பம்தான் என்கிறார் வள்ளுவர். முதலாவதைப் பற்றி நமக்கு எல்லோரும் புத்திசொல்கிறார்கள். இரண்டாவதும் ஒரு துன்பம் என்று சொல்ல ஆள் குறைவு.

*

ஆனால் மெதுவாகத் தேடுவது என்றாலே பயம் என்று ஆகிவிடுமா? எங்கள் ஊர்ப்பக்கம் அதற்கு நேர்மாறான தேடல் ஒன்று நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக நடந்துவருகிறது.

அரியலூர், பெரம்பலூர் நிலம் ஒரு காலத்தில் கடல். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலை அடித்தது. சிமென்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடலின் மிச்சம். காரை கிராமத்துக்குப் பக்கத்தில் செம்மண்ணும் வெளிர்மண்ணுமாக மழை அரித்த பள்ளங்களில் நடந்தால் காலடியில் சிப்பிகளும் சுருள் சுருளான அம்மோனைட்டுகளும் கிடந்த இடம் அது. 1850களின் கடைசியில் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்த நிலத்தை அடுக்கடுக்காக வரைபடமாக்கினார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இங்கே கிடைத்த தொல்லுயிர் எச்சங்களைப் பற்றிப் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதினார். 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் சாத்தனூரில், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடந்த மரத்தை அடையாளம் கண்டார். அந்த மரம் எப்போதும் அங்கேதான் கிடந்தது. ஆடு மேய்ப்பவர்கள் அதன் மேல் உட்கார்ந்துகூட இருந்திருக்கலாம். கல்லில் மரத்தின் வரியைப் பார்க்க, நின்று பார்க்கிற ஒரு கண் வேண்டியிருந்தது.

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப் முழுக்கப் பறந்தது. விவரம் தெரிந்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, முட்டை இல்லை, அம்மோனைட்டைச் சுற்றி வண்டல் இறுகி உருண்ட கல் என்றார்கள். பலருக்கு ஏமாற்றம். எனக்கு அதில் ஏமாற ஒன்றுமில்லை. கடல் உயிர் ஒன்று குன்னத்தில் கிடக்கிறது என்பது முட்டையைவிடக் குறைந்த அதிசயமா?

இந்தத் தேடலும் அங்குலம் அங்குலமாகத்தான் நடக்கிறது. தரையைப் பார்த்துக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு கல்லாக. வெளியிலிருந்து பார்த்தால் பொறிக்குப் பயந்து நடக்கிறவனுக்கும் இவருக்கும் வித்தியாசம் தெரியாது. உள்ளே வித்தியாசம் இருக்கிறது. பயந்து தேடுகிறவன் ‘ஒண்ணுமில்ல’ என்ற பதிலுக்காகத் தேடுகிறான். அந்தப் பதில் வந்ததும் அந்த இடம் அவனுக்குச் செத்துவிடுகிறது. ஆசையோடு தேடுகிறவர் எதையாவது பார்க்க வேண்டும் என்று தேடுகிறார். ஒன்றும் கிடைக்காத நாளிலும் அந்த மண்ணைப் பற்றி ஏதோ ஒன்று கூடுதலாகத் தெரிந்துகொண்டு திரும்புகிறார்.

மேசையில் இதை நேரடியாகப் பயன்படுத்தலாம். “தேடுறேன்” என்று யாராவது சொன்னால் நான் பகடையை எடுப்பதில்லை. “எங்க? எப்படி?” என்று கேட்பேன். “தரையில தூசு எப்படி இருக்குன்னு பாக்குறேன்” என்று பதில் வந்தால், நடுவில் மட்டும் தூசு இல்லை என்று சொல்லிவிடுவேன், பகடை இல்லாமலே. ஏன் நடுவில் தூசு இல்லை? யாரோ அடிக்கடி நடக்கிறார்களா? இல்லை, அந்தக் கல் அடிக்கடி திறந்து மூடுகிறதா? இப்போது பொறி பாதி தெரிந்துவிட்டது. சுவாரசியம் குறைந்ததா என்றால் இல்லை. அதற்கப்புறம்தான் ஆட்டமே தொடங்குகிறது. அதை எப்படித் தாண்டுவது, யார் முதலில் போவது, பின்னால் வரும் பூதத்தை அதே குழியில் தள்ள முடியுமா? பொறியைக் கண்டுபிடிப்பதைவிட, தெரிந்த பொறியின் முன்னால் நின்று நாலு பேர் யோசிப்பதுதான் பார்க்க அழகு.

*

அரியலூர் என்ற பெயரை இந்தியா முழுக்க அறியவைத்தது கல்லும் இல்லை, கடலும் இல்லை. 1956 நவம்பர் 23. விடியற்காலை. மழை. சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையில் மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்துக்குள் சரிந்தது. 140க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதும் அவர் விலக முன்வந்து, நேரு ஏற்காமல் இருந்தார். இம்முறை ஏற்றுக்கொண்டார்.

என் நண்பனின் வாதத்தை இங்கே வைத்துப் பார்க்கிறேன். மழை இயற்கை. வெள்ளம் இயற்கை. அவை யாருக்கும் சொல்லிவிட்டு வரவில்லை. ஆனால் பாலம் ஒருவர் கட்டியது. தண்டவாளம் ஒருவர் போட்டது. இதன்மேல் தூங்கிக்கொண்டு போகலாம் என்று சொல்லித்தான் டிக்கெட் விற்கிறோம். அப்படிச் சொன்ன கணத்திலிருந்து ஆற்றின் வெள்ளமும் நம் பொறுப்புக்குள் வந்துவிடுகிறது. சாஸ்திரி அந்தப் பாலத்தைக் கட்டவில்லை, அந்த இரவில் அங்கே இல்லை. ஆனாலும் ‘யாரிடம் கேட்பது’ என்ற கேள்விக்கு ஒரு முகவரி வேண்டும் என்று அவர் ஒத்துக்கொண்டார். அந்த ராஜினாமாவை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

தண்டவாளத்தில் பயணிகள் யாரும் கோலால் தட்டிக்கொண்டு போவதில்லை. அதற்குக் காரணம், அவர்களுக்குப் பதிலாக வேறொருவர் தட்டுகிறார். கீமேன் என்று ரயில்வேயில் ஒரு வேலை. தன் பங்குத் தண்டவாளத்தைத் தினமும் நடந்தே பார்ப்பார். தளர்ந்ததைச் சுத்தியலால் தட்டி இறுக்குவார். மழைக்காலத்தில் இரவு ரோந்து உண்டு. கையில் விளக்கு, தண்டவாளத்தில் வைக்கும் எச்சரிக்கை வெடி. எங்கேயாவது மண் அரித்திருந்தால் அந்த வெடியை வைத்துவிட்டு விளக்கை ஆட்டுவார். எந்த இடத்தில் எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பது ‘காஷன் ஆர்டர்’ என்ற தாளில் எழுதப்பட்டு ஓட்டுநர் கைக்குப் போகும். ஓட்டுநர் எல்லா இடத்திலும் மெதுவாகப் போவதில்லை. சொல்லப்பட்ட இடத்தில் மெதுவாகப் போகிறார். சொல்லியிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் மற்ற இடங்களில் வேகமாகப் போகிறார்.

இங்கேதான் என் கேள்விக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. எச்சரிக்கை இரண்டு வகை. ஒன்று, என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் தட்டுவது. அது மிஞ்சினால் நடையையே கொன்றுவிடும். இன்னொன்று, அடுத்தவர் தட்டாமல் நடப்பதற்காக நான் தட்டுவது. அது எவ்வளவு இருந்தாலும் அதிகமில்லை. என் தொழிலில் எழுதிய நிரலைச் சோதிப்பது, இன்னொருவர் உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பது எல்லாம் இந்த இரண்டாவது வகை. அலுப்பான வேலை. சரியாக நடந்தால் அது நடந்ததே யாருக்கும் தெரியாது.

சிலப்பதிகாரத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அடைக்கலக் காதையில் கண்ணகியை மாதரி மதுரைக்குள் அழைத்துப் போகும்போது கோட்டை மதிலில் இருக்கும் பொறிகளின் பட்டியல் வரும். தானே வளைந்து எய்யும் வில், கடிக்கும் குரங்கு வடிவ இயந்திரம், கல்லெறியும் கவண் என்று நீளும். இவற்றில் ஒன்றுகூடக் கோவலனைத் தொடவில்லை. அவனைக் கொன்றது ஒரு பொற்கொல்லனின் பேச்சும், அதை விசாரிக்காத ஓர் அரசனின் அவசரமும். மதிலைச் சுற்றி அத்தனை எச்சரிக்கையாக இருந்த நகரம், ஒரு சிலம்பை உடைத்துப் பார்க்கும் அளவுக்குக்கூட நிதானம் காட்டவில்லை. பாண்டியன் மெதுவாகத் தேடியிருக்க வேண்டிய இடம் அதுதான். ஏனென்றால் அங்கே போகவிருந்தது அவன் உயிர் இல்லை, இன்னொருவனுடையது.

*

ஆகவே, ஆட்டம் நடத்தப்போகிறவர்களுக்கு என் கைவசம் இருப்பது சின்னச் சின்ன விஷயங்கள். பொறி வைத்தால் அதற்கு ஓர் அறிகுறி வையுங்கள். கஷ்டமானதாக இருக்கட்டும், ஆனால் இருக்கட்டும். ஒவ்வொரு பொறிக்கும் அதை வைத்தவன் யார், எதைக் காக்க வைத்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அப்போது எங்கே இருக்கும், எங்கே இருக்காது என்பதை ஆடுகிறவர்களும் ஊகிக்க முடியும். புதையல் அறையில் பொறி இருக்கும், சமையலறை வழியில் இருக்காது, அங்கே காவல்காரன் தினமும் சோற்றுத் தட்டோடு நடக்கிறான். நேரத்துக்கு விலை வையுங்கள். யாராவது எல்லாக் கல்லையும் தட்ட ஆரம்பித்தால் எரிச்சல்படாமல், அவர்களுக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது யார் என்று யோசியுங்கள்.

சுரங்கத்துக்கு வெளியே இவ்வளவு எளிதாகச் சொல்ல முடியவில்லை. வெளியே பொறிகளுக்கு அறிகுறி வைக்காதவர்கள்தான் அதிகம். பெரியம்மாவிடம் போனை எடுங்கள் என்று சொல்லவும் முடியாது, எடுக்காதீர்கள் என்று சொல்லவும் முடியாது. இப்போதைக்கு மருத்துவமனையில் என் எண்ணையும் தங்கை எண்ணையும் கொடுத்து வைத்திருக்கிறோம். தெரியாத அழைப்புகளை நாங்கள் எடுக்கிறோம்.

எங்கள் பக்கம் வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும். பாத்துப் போ. பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் சரி, துபாய்க்குப் போனாலும் சரி, அதே இரண்டு சொற்கள்தான். வழக்கத்தில் தேய்ந்து தேய்ந்து அர்த்தமே இல்லாமல் போய்விட்டது என்று நினைத்திருக்கிறேன். இதை எழுதும்போதுதான் கவனித்தேன், அதில் போகாதே என்று எங்குமே இல்லை.